முதல் மருந்து வைத்தியருக்கே

ஷின்ஷூ மலை
மே 9, 1971

அன்புள்ள தம்பி யசுஜிக்கு,

இங்கே மலைச்சரிவெல்லாம் புது இலை விட்டுவிட்டது. உங்கள் ஹிடகா கடற்கரையில் இன்னும் கணப்பை அணைக்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மிசாவோவின் வயிற்று உபாதை தேவலையா? இகுவோ படகில் வேலை செய்கிறானா, இல்லை அப்பனுக்குத் தெரியாமல் தூங்குகிறானா? எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. இந்த வெந்நீர் ஊற்று விடுதியில் பணிப்பெண்களுக்கெல்லாம் தலைவி என்று பேர்தான் பெரிசு. மாடிப்படி ஏறுவது என்னவோ நான்தான்.

ஒரு சேதி சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. சாமி அலமாரியில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் வைத்திருப்பாயே, 'ஒளிக்காத இலையுதிர்காலம்', அதை எழுதிய மினேகாவா ஐயா எங்கள் விடுதியில்தான் இருக்கிறார். மாடியில் மூலை அறை. சாப்பாடு கொண்டுபோவது, படுக்கை விரிப்பது, மடிப்பது எல்லாம் உன் அக்காதான்.

தங்கியிருக்கிறார் என்று சொல்வதைவிட அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்வதே பொருத்தம். புது நாவலுக்கு முன்பணம் வாங்கிவிட்டு இரண்டு வருடமாக இழுத்தடித்தாராம். பதிப்பகத்தார் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டார்கள். முடிக்காமல் வெளியே விடுவதில்லை. உமேதா என்று ஓர் ஆசாமி பக்கத்து அறையில் காவல் இருக்கிறான். எழுத்தாளர்களை இப்படிப் பூட்டி வேலை வாங்குவதை நான் இங்கே நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் இவரைப் போலத் தப்பி ஓடப் பார்ப்பவரைப் பார்த்ததில்லை. உமேதா அசந்தால் வெந்நீர்க் குளத்தில் போய் ஒளிந்துகொள்கிறார். மீன் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டால் தட்டு திரும்பி வருகிறது. படுக்கை அலமாரிக்குள் சாக்கே மதுக் குப்பி ஒன்று இருந்தது. என்ன ஐயா இது என்றேன். "இருமல் மருந்து" என்றார், முகம் மாறாமல். நாட்டுக்கே உண்மை பேசச் சொல்லிக்கொடுத்த வாய் அது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். விடிந்ததும் நான் கதவைத் தள்ளும்போது, செத்துப்போன மனைவியின் படத்துக்கு முன்னால் தேநீர் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்த முதுகைப் பார்த்தால் எனக்குக் கை தானாகக் குவிகிறது. எதற்கு என்று தெரியவில்லை.

காற்றில் நிற்காதே. மிசாவோவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா
தொமியே


ஹிடகா
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே மூடுபனி விலகவே மாட்டேன் என்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு வலி என்கிறாய்.

நான் கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரன் இல்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். மிசாவோவுக்கு வயிற்றில் இருப்பது புண் இல்லை, புற்று. நகரத்து மருத்துவமனையில் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு வைத்தியர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். அடுத்த வசந்தத்தைப் பார்த்தால் அதிகம் என்றார். அவளிடம் புண் என்று சொல்லிவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றும் சொன்னார். நான் வெளியே வந்தேன். அவள் என் மூஞ்சியைப் பார்த்தாள். "புண்ணுதானாம்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, வந்ததே வந்தோம், நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். என் கிண்ணத்தையும் அவளே சாப்பிட்டாள்.

அந்தப் புத்தகத்தை நான் எதற்கு வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவிடம் அவர் நோயை நாம் யாரும் சொல்லவில்லை. அவர் போன பிறகுதான் அதைப் படித்தேன். வைத்தியர் மறைக்கச் சொல்லியும் மினேகாவா ஐயா மனைவியிடம் சொல்லிவிடுகிறார். பிறகு ஓர் இலையுதிர்காலம் முழுவதும் இருவரும் ஒளிவுமறைவு இல்லாமல் வாழ்கிறார்கள். 'சாவு நோயாளியின் உடைமை, அதைத் திருடாதே' என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்த அன்று நான் படகை எடுக்கவில்லை. இப்படியும் ஒரு மனிதன் இருந்திருக்கிறானே என்று கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே இகுவோ, மீனவர் சங்கத் தலைவர், அக்கம்பக்கம், எல்லோரும் மூச்சுவிடாதே என்கிறார்கள். சொன்னால் அன்றைக்கே பாதி செத்துவிடுவாள் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நீ அவருக்குத் தினமும் சோறு போடுகிறாய். ஒரே ஒரு தடவை கேட்டுச் சொல். நிஜமாகவே மனைவியிடம் சொன்னாரா? அது அந்த அம்மாளுக்கு நல்லதாக முடிந்ததா? ஒரு மனிதன் செய்திருக்கிறான் என்று தெரிந்தால் போதும், நானும் செய்துவிடுவேன்.

தம்பி
யசுஜி


ஷின்ஷூ மலை
ஜூன் 6

அன்புள்ள யசுஜி,

உன் கடிதத்தை விரிப்புகள் அடுக்கும் அறையில் வைத்துப் படித்தேன். நல்லவேளை, அங்கே முகம் துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை. மிசாவோவுக்குச் சாப்பாடு இறங்குகிறதா? ராத்திரி தூங்குகிறாளா? நீ சாப்பிடுகிறாயா?

உன் அக்கா சொல்வதைக் கேள். சொல்லாதே. இந்த நாட்டில் யார் சொல்கிறார்கள்? இங்கே குளிக்க வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் அந்த ரகம்தான். கூட வருகிற மகனும் மகளும் தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி, "அப்பாவுக்குத் தெரியாது, பாத்துப் பேசுங்க" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். அந்த அப்பாக்கள் சிரித்துக்கொண்டே குளித்துவிட்டுப் போகிறார்கள். அதில் என்ன குறை?

இருந்தாலும் நீ கேட்டதற்காக நானும் சமயம் பார்க்கிறேன். அவ்வளவு சுலபமில்லை. சோறு வைக்கும்போது உமேதா இருப்பான். உமேதா இல்லாதபோது ஐயாவும் இருக்க மாட்டார். நேற்று தேநீர் வைக்கும்போது, அம்மா எப்படி இருப்பார்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "என்னைவிடக் கெட்டிக்காரி. செடிகொடின்னா பைத்தியம்" என்றார். குரலில் அவ்வளவு மரியாதை. செத்தவளைப் பற்றி அப்படிப் பேசுகிற ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. இவர் சொல்லியிருப்பார் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அவர் மினேகாவா, நீ கடற்பாசி அறுக்கிறவன். அவருக்கு வார்த்தை இருக்கிறது. உனக்கு என்ன இருக்கிறது?

கோபித்துக்கொள்ளாதே. பொறு.

தொமியே


ஹிடகா
ஜூலை 14

அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இரு.

கடற்பாசி அறுவடை தொடங்கிவிட்டது. விடிவதற்கு முன் படகு. கொண்டுவந்ததும் கூழாங்கல் கரையில் விரித்துக் காயப்போட வேண்டும். எத்தனையோ வருடமாக அது மிசாவோவின் வேலை. ஒரு பாசி மடங்காமல், ஒன்றின் மேல் ஒன்று படாமல் அவள் விரிப்பதைப் பார்த்துத்தான் பக்கத்துக் கரைக்காரிகள் கற்றுக்கொண்டார்கள். இந்த வருடம் அவளைக் கரையில் கால் வைக்க விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து செய்கிறார்கள். அவளைப் பார்த்ததும் எல்லோரும் பலமாகச் சிரிக்கிறார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எனக்குப் புண்ணுதானே, கை முறிஞ்சா போச்சு?" என்று இன்று கேட்டாள். நான் வலையைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டேன்.

நீ கேட்டாயா? உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

யசுஜி


ஷின்ஷூ மலை
ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

மழையான மழை. ஆறு பெருகிப் பாலத்தின் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. அங்கே பாசி காய வெயில் இருக்கிறதா? மிசாவோவுக்குக் கஞ்சியில் ஊறுகாய்ப் பழம் ஒன்று போட்டுக் கொடு, வாய்க்கு ருசிக்கும்.

இங்கே கூட்டம் தாங்கவில்லை. துணிக்கடைச் சங்கத்தார் நாற்பது பேர் வந்து இரவெல்லாம் பாட்டு. ஆற்று மீன் இந்த வருடம் நன்றாகக் கிடைக்கிறது. புதிதாக வந்த பெண் ஒருத்தி மூன்று தட்டை உடைத்துவிட்டாள். முதலாளியம்மா திட்டினார், நான் சமாதானம் செய்தேன். நட்சத்திரத் திருவிழாவுக்கு மூங்கில் கட்டினோம், அதில் தொங்கவிட்ட வேண்டுதல் காகிதமெல்லாம் மழையில் நனைந்து போயிற்று.

நீ கேட்டதைக் கேட்டேன். புத்தகத்தில் இருப்பதுதான் என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தொமியே


ஹிடகா
ஆகஸ்ட் 20

அக்கா,

வெயில் தணிகிறது. நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மழை, மீன், துணிக்கடைக்காரர்கள், உடைந்த தட்டு. நான் கேட்டதற்கு ஒரே வரி. சின்ன வயதில் நீ என் மீன்பிடி கத்தியைத் தொலைத்துவிட்டு, மூன்று நாள் வானிலையைப் பற்றியே பேசினாய். அப்போதே உன்னை எனக்குத் தெரியும். எதையோ மறைக்கிறாய். மிசாவோவிடம் நான் மறைக்கிறேன், என்னிடம் நீ மறைக்கிறாய். நம் குடும்பத்தில் இனி யார் யாரிடம்தான் பேசுவது?

மூதாதையர் பண்டிகைக்கு அவள் பழைய பருத்தி அங்கியை எடுத்து உடுத்தினாள். இரண்டு சுற்று சுற்றியது. கண்ணாடி முன்னால் நின்று, அதை அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நான் தட்டோடு வாசலில் நின்றேன். இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். "மழை வரும்போல இருக்கு" என்றேன். நானும் உன் தம்பிதானே.

அறுவடை முடிவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஐயாவின் புத்தகத்தை நம்பித்தான் இறங்குகிறேன். அது மோசம் போகாது என்று ஒரு வார்த்தை எழுது. மோசம் போகும் என்றால் அதையாவது எழுது.

யசுஜி


ஷின்ஷூ மலை
செப்டம்பர் 2

அன்புள்ள யசுஜி,

நீ என்னைத் திட்டியது சரி. மிசாவோவை விசாரித்ததாகச் சொல், ஆனால் இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் காட்டாதே.

நான் கேட்டபோது ஐயா "புத்தகத்துல இருக்கறதுதான்" என்று சொன்னது நிஜம். ஆனால் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். இருமல் மருந்து என்று சொன்னாரே, அன்றைக்கும் அதே முகம்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உனக்கு எப்படி எழுதுவது? அதனால் மழையைப் பற்றி எழுதினேன்.

அது மட்டுமில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அடிவாரத்து வைத்தியர் வந்து பார்த்தார், பிறகு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். திரும்பி வந்ததும் உமேதா என்னையும் முதலாளியம்மாவையும் தாழ்வாரத்தில் நிறுத்தினான். கல்லீரலில் புற்று. கொஞ்ச மாதம்தான். அவருக்குத் தெரியக் கூடாது, பித்தப்பையில் கல் என்று சொல்லியிருக்கிறோம் என்றான். தோக்கியோவில் இருக்கிற அவர் தம்பியும் அதுதான் சரி என்றாராம். நாவல் முடிய வேண்டும் பார். நானும் தலையாட்டினேன். ஆட்டி முடித்த பிறகுதான் யாருக்காக ஆட்டினேன் என்று உறைத்தது. சாவைத் திருடாதே என்று நாட்டுக்கே எழுதிய மனிதனிடமிருந்து நாங்கள் கூட்டாகத் திருடிக்கொண்டிருக்கிறோம். அவரோ எங்களை நம்பி, கல் எப்போது கரையும் என்று என்னிடம் கேட்கிறார்.

உமேதா இப்போது அவர் கேட்காமலே சாக்கே வாங்கி வைக்கிறான். அதைப் பார்த்து அவர் சந்தோஷப்படுகிறார். என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ அவசரப்பட்டு வாயைத் திறக்காதே. அந்த மருந்தை எழுதிக்கொடுத்த வைத்தியருக்கே முதலில் கொடுத்துப் பார்ப்போம். அவரிடம் நான் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகிறது. அவர் தாங்கினால் மிசாவோவும் தாங்குவாள். அவர் உடைந்து போனால், நீ அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடு.

என்னை நினைத்துக்கொள்.

தொமியே


ஹிடகா
செப்டம்பர் 12

அக்கா,

நலமா? காத்திருக்கிறேன். அவள் இன்று சாப்பிடவில்லை. என்ன ஆனாலும் எழுது.

யசுஜி


ஷின்ஷூ மலை
செப்டம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மலை உச்சியில் இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். மிசாவோ இந்தக் கடிதம் வரும்போது கொஞ்சமாவது சாப்பிடட்டும்.

சொல்லிவிட்டேன். உமேதா கீழே தொலைபேசிக்குப் போயிருந்தான். கஞ்சித் தட்டை வைத்துவிட்டு, எழுந்துகொள்ளாமல் அப்படியே உட்கார்ந்தேன். "ஐயா, உங்களுக்கு இருக்கறது கல்லு இல்லீங்க. கல்லீரல்ல புத்து. கொஞ்ச மாசம்தான்னு வைத்தியர் சொல்லியிருக்கார்" என்றேன். அவர் "அப்படியா" என்றார். ஒரு வாய் கஞ்சி எடுத்தார். பிறகு தட்டை எடுத்து எறிந்தார். கதவுக் காகிதமெல்லாம் கஞ்சி.

அதன் பிறகு நடந்ததைப் புத்தகத்தில் தேடாதே, இல்லை. வெளியே போ என்று கத்தினார். நான் போகவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்றார். பிறகு குழந்தை மாதிரி அழுதார். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லுன்னு சொல்லு தொமியே, ஒரே ஒரு தடவை சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். நான் சொல்லவில்லை. உமேதா ஓடிவந்து என்னைக் கொலைகாரி என்றான். முதலாளியம்மா என் துணிமணிகளைக் கட்டச் சொன்னார். உள்ளேயிருந்து ஐயா, அவள் போனால் நானும் போகிறேன் என்று கத்தினார். அதனால்தான் இன்னும் இங்கே இருக்கிறேன். சில நாள் இப்படியே போயிற்று. அவர் தூங்குவார், விழித்ததும் நினைவு வந்து மறுபடி அழுவார். நான் துணி மடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? பெரிய பாவம் செய்துவிட்டேன், உன்னையும் செய்யாமல் தடுத்துவிட வேண்டும் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு காலை. கதவைத் தள்ளினால், குளித்து, அங்கி மாற்றி, மண்டியிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"என் மனைவிகிட்ட நான் சொல்லல, தொமியே. கடைசி வரைக்கும் புண்ணுன்னுதான் சொன்னேன். வசந்தத்துல என்ன செடி வைக்கலாம்னு பேசிக்கிட்டே போயிட்டா. சொல்லாம விட்டதையெல்லாம் அவ போனதுக்கப்புறம் உக்காந்து எழுதினேன். ஊரே அழுதுச்சு. பரிசு கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்."

அப்படியானால் அந்தப் புத்தகம் பொய்யா என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன் தம்பி, என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நேத்து வரைக்கும் பொய்னுதான் நானும் நெனச்சேன்" என்றார். "இன்னைக்குக் காலைல கண்ணு முழிச்சா, சன்னல்ல மலை தெரியுது. இது எனக்குத் தெரிஞ்சு நான் வாழற காலைன்னு தோணிச்சு. பயம் இருக்கு. ஆனா காலை என்னோடதா இருக்கு. இதைத்தான் அப்போ எழுதியிருக்கேன். எழுதினவனுக்கே தெரியாது அது நெஜம்னு."

சொல்லிவிட்டு, பாயில் இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் படும்படி என்னைக் கும்பிட்டார். மினேகாவா ஐயா, படுக்கை விரிக்கிற என்னை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏசியதும் அவர்தான், கெஞ்சியதும் அவர்தான், இப்போது மலையைப்போல உட்கார்ந்திருப்பதும் அவர்தான். தான் எழுதிய இடத்துக்கு ஒரு மனிதன் தானே நடந்து வந்து சேர்வதை நான் கண்ணால் பார்த்தேன். இனி எந்தக் கோயிலுக்கும் நான் போக வேண்டாம்.

உன்னைப் பற்றி அவரிடம் சொன்னேன். "உன் தம்பிக்கு ரெண்டையும் எழுது. நான் சொல்லலைங்கறதையும் எழுது, சொல்லலாங்கறதையும் எழுது. சொல்றதுக்கு ஒரு நிமிஷம் போதும். அப்புறம் கூடவே உக்காந்திருக்கணும். அதை நான் எழுதல, ஏன்னா எனக்குத் தெரியாது. நீ உக்காந்திருந்ததால இப்பத் தெரியுது" என்றார்.

நாவலைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வசந்தத்தில் பூக்கிற கிழங்குகளை இலையுதிர்காலத்திலேயே நட வேண்டுமாம், மனைவி சொல்லிவிட்டுப் போன வேலை பாக்கி இருக்கிறதாம். உமேதா அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கிப்போனான்.

முடிவு உன்னுடையது. உட்கார்ந்திருக்க உன்னால் முடியும் என்றால் சொல்.

அக்கா
தொமியே


ஹிடகா
அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்துக்கொள்கிறேன். படித்தேன். சாமி அலமாரியில் கும்பிட்டு வைத்த புத்தகம் கட்டுக்கதை என்று தெரிந்தால் கோபம் வர வேண்டும். வரவில்லை. மினேகாவா ஐயாவும் தட்டோடு வாசலில் நின்று, மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னவர்தான். பயந்தவர் எழுதியதுதான் இந்தப் பயந்தவனுக்குப் புரிந்திருக்கிறது. இத்தனை பெரிய மனிதர் என்னைப் போலவே இருந்திருக்கிறார் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கடைசிப் பாசி காய்ந்துவிட்டது. கொட்டகையில் கட்டுக் கட்டும் வேலைதான் பாக்கி. அங்கே வைத்துச் சொல்லப்போகிறேன்.

யசுஜி


ஹிடகா
நவம்பர் 6

மதிப்புக்குரிய அண்ணிக்கு மிசாவோ எழுதுவது.

இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? என் உடம்பைப் பற்றி நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. உங்களுக்குத்தான் எனக்கு முன்பே தெரியுமே.

உங்கள் தம்பி சொல்லிவிட்டார். சொன்ன அழகைக் கேட்டால் சிரிப்பீர்கள். கொட்டகையில் நான் பாசியின் ஓரத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து, வெகுநேரம் கயிற்றைத் திரித்துவிட்டு, "மிசாவோ, உனக்குப் புண்ணு இல்ல" என்றார். நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். "அப்ப மருந்தை நிறுத்திரலாமா?" என்று கேட்டேன். பாவம், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

முழுவதும் சொல்லி முடித்ததும் நான் ஒன்றுதான் கேட்டேன். "யார் யாருக்குத் தெரியும்?" அவர் விரல் விட்டுச் சொன்னார். இகுவோ, நீங்கள், சங்கத் தலைவர், பக்கத்து வீட்டுப் பெண்கள், கடைசியில் அரிசிக்கடைக்காரர். அரிசிக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது அண்ணி.

"அப்படின்னா அஞ்சு மாசமா நான் இல்லாமத்தான் நீங்க எல்லாரும் குடித்தனம் நடத்தியிருக்கீங்க" என்றேன். "நான் செத்தப்புறம் எப்படியோ, அப்படி."

நான் கையில் இருந்த கட்டை எடுத்து அவர் மேல் எறிந்தேன். அடுத்தடுத்து எறிந்தேன். விலகவில்லை. அன்று முதல் நான் சாப்பிடவில்லை, அவரோடு பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அலை ஓய்ந்து நல்ல வெயில் அடித்தது. ஊரே கரை ஒதுங்கிய பாசியைப் பொறுக்கப் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு நல்ல வெயில் நாளை அந்த மனிதர் வீணாக்கி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவர் பேரில் முதல்முறையாகப் பிரமிப்பு வந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அது இல்லாமலே ஓட்டியிருக்கிறேன்.

பிறகு அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மினேகாவா ஐயா சொன்னதும் அவர் மனைவி சன்னலுக்கு வெளியே சிவந்த இலையைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'சொன்னதற்கு நன்றி' என்கிறாள். அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். "இந்த மனுஷன் பொண்டாட்டிகிட்ட சொல்லவே இல்ல" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதன் பிறகுதான் உள்ளே போய் உங்கள் கடிதத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். சொல்லக் கேட்ட எந்தப் பெண்ணும் முதலில் நன்றி சொல்ல மாட்டாள் அண்ணி. யார் யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்பாள்.

புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீதியையும் படித்து முடித்தேன். அவரும் அவளும் காலையில் எழுந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிற பக்கங்கள் இருக்கின்றனவே, அவை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. இங்கேயும் இப்போது அப்படித்தான் விடிகிறது. வாழாத ஒருவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் புது வருடத்துக்கு வந்துவிடுங்கள். உள்ளபடியான முகத்தோடு வாருங்கள், சிரித்த முகம் வேண்டாம்.

மினேகாவா ஐயா இன்னும் இருந்தால் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். அவர் பொய் எழுதவில்லை, கொஞ்சம் முன்னதாக எழுதிவிட்டார். நேற்றுக் காலை உங்கள் தம்பி கஞ்சி வைத்தார். தீய்ந்து போயிருந்தது. ஒரு பாட்டம் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டி முடித்துவிட்டு, எனக்கே தெரியாமல், "சொன்னதுக்கு நன்றி" என்றேன். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதது இங்கே வரை கேட்டது.

அவர் மனைவியும் அதைச் சொல்லியிருப்பாள் என்று அவருக்கு எழுதுங்கள். உடனே இல்லை, அவளும் சில நாள் கழித்து.

தம்பி மனைவி
மிசாவோ